நாலாவது முடிச்சு

மேஸ்திரி அண்ணாத்த,

இன்று பதினோரு மணி டிரிப்பில், மாமல்லபுரத்தை விட்டு நாலு மைல் வருவதற்குள் கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு முன்னால் வந்தான். ஏதோ தீய்கிறது, வண்டியை நிறுத்துங்கள் என்றான். நிறுத்தி, பானட்டைத் தூக்கிப் பார்த்தேன். ரேடியேட்டரில் தண்ணீர் இருந்தது. ஒயர் எதுவும் உருகவில்லை. பங்குனி வெயிலில் என்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். திரும்ப ஏறி உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. என் சீட்டுக்கு அடியில் சுருட்டி வைத்திருக்கும் உங்கள் நார்க்கயிறு சூடேறி, அதன் நுனி பிரியாமலிருக்க நீங்கள் தோய்த்து வைத்த தார் இளகியிருக்கிறது. அந்த வாசனைதான்.

ஒன்றுமில்லை, போய் டிக்கெட்டைப் பார் என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். மிச்ச வழியெல்லாம் தார் வாசம் என்னோடு வந்தது. நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. காமாலை கண்டு பத்தே நாளில் முடிந்துவிட்டது என்று உங்கள் வீட்டம்மா சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. எனக்கு எதற்கெடுத்தாலும் முதலில் கோபம்தான் வரும், உங்களுக்குத் தெரியாததா. கருமாதி முடிந்த அன்று அவர்கள் உள்ளே போய் இந்தக் கயிற்றை எடுத்து வந்து, "இது டிரைவருதுன்னு சொல்லிகினே இருந்தாரு" என்று என் கையில் கொடுத்தார்கள். அப்போதுதான் அழுதேன். உங்கள் வாசலில் நின்று, பத்து பேர் பார்க்க, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். நாலு வரி சேர்ந்தாற்போல் எழுதி வருஷக்கணக்கு ஆகிறது. உங்களுக்கோ படிக்கவே தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நமக்குள் முதல் பேச்சே சண்டை அல்லவா? சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் இருக்கும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் போய் வரும் பஸ்ஸில் நான் டிரைவர். நீங்கள் அந்த ரோட்டில் ஏழு மைலுக்குப் பொறுப்பான கேங் மேஸ்திரி. எட்டு ஆட்களை வைத்துக்கொண்டு பள்ளத்துக்கு ஜல்லியும், ஓரத்துக்கு மண்ணும் போட்டுக்கொண்டிருந்தீர்கள். ரோட்டின் பாதியை அடைத்து ஒருநாள் ஜல்லி கொட்டி வைத்திருந்தீர்கள். நான் வண்டியை நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "யோவ் மேஸ்திரி, ரோடு இன்னா ஒங்கப்பன் வூடா?" என்று கத்தினேன். நீங்கள் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெகு நிதானமாக வந்தீர்கள். "ஆமா டிரைவரே, எங்கப்பன் வூடுதான். அவுரும் இங்கதான் ஜல்லி ஒடச்சாரு. மெதுவா போ, வூட்ல கொயந்தைங்க தூங்குது" என்றீர்கள். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அன்றிலிருந்து உங்களைக் கண்டால் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு புழுதியைக் கிளப்பிப் போவேன். ஒரு கேங் மேஸ்திரிக்கு அவ்வளவு வாய் எதற்கு என்று நினைப்பு.

அந்த வளைவு உங்கள் ஏழு மைலுக்குள்தான் இருந்தது. மாமல்லபுரத்திலிருந்து மேற்கே வரும்போது, ரோடு வெகுதூரம் அம்பு போல நேராக வந்து, ஏரிக்கரையைத் தொட்டதும் வலப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் தாழம்புதர். அந்தப் புதர் முடிகிற இடத்தில், சரியாக வளைவின் வாயில், திருக்கழுக்குன்றத்து மலையும் அதன்மேல் கோயிலும் திடீரென்று இடது கையோரம் தெரியும். அதுவும் பதினோரு மணி டிரிப் என்றால் கேட்கவே வேண்டாம். மலைமேல் உச்சிவேளைக்குக் கழுகுக்குச் சோறு வைப்பார்கள். கழுகு வட்டமிடுவதைப் பஸ்ஸிலிருந்தே பார்த்துவிட்டால் புண்ணியம் என்று பாதிப் பேர் எழுந்து இடப்பக்கம் சாய்வார்கள். "அதோ, அதோ" என்பார்கள். எந்த டிரைவராக இருந்தாலும் ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் அந்த வளைவைத் தாண்டுவான். என் வாத்தியார் டிரைவர் அப்படித்தான் செய்தார், நானும் செய்தேன். அங்கே கையெடுக்காத டிரைவரை ஜனங்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அந்த வளைவில் முனி இருக்கிறது என்றும் எல்லாருக்கும் தெரியும். சவுக்குக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று அங்கே ரோட்டை விட்டு இறங்கி, அதில் கிளீனர் செத்துப்போனான். கல்யாணத்துக்குப் போன டாக்ஸி ஒன்று கவிழ்ந்தது. வேறொரு முதலாளியின் பஸ் ஒன்று வயலில் போய் நின்றது. முனி தள்ளுகிறது என்று நாங்கள் எலுமிச்சம்பழம் கட்டினோம், அமாவாசைக்குத் தேங்காய் உடைத்தோம். வேகத்தை மட்டும் குறைக்கவில்லை.

அப்புறம் என் முறை வந்தது. தை மாதம், நல்ல வெளிச்சம், காய்ந்த ரோடு. வண்டி நிறைய ஜனம். எனக்குப் பின் சீட்டில் கோவளத்து லூர்தக்கா, திருக்கழுக்குன்றம் சந்தைக்குக் கொண்டுபோகும் கருவாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதர் முடிந்தது, மலை தெரிந்தது, யாரோ "கழுகு" என்றார்கள். நான் இடப்பக்கம் பார்த்து வலது கையை எடுத்துக் கன்னத்தில் போட்டேன். அவ்வளவுதான், அண்ணாத்த. இடது சக்கரம் தாரை விட்டு மண்ணில் தடாலென்று விழுந்தது. பயத்தில் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் முழு மூச்சாக ஒடித்தேன். வண்டி ஒரு ஆட்டம் ஆடி, அப்படியே இடப்பக்கம் சாய்ந்து வயலில் படுத்துவிட்டது.

முதலில் ஓடி வந்தது நீங்களும் உங்கள் ஆட்களும்தான். ஜன்னல் வழியாக ஒவ்வொருவரையும் இழுத்து வெளியே போட்டீர்கள். சேற்று வயலாக இருந்ததால் யாரும் சாகவில்லை. பதினோரு பேருக்கு அடி. லூர்தக்காவின் வலது கை முழங்கையில் நொறுங்கிவிட்டது. நான் சட்டை கிழிந்து வரப்பில் உட்கார்ந்திருந்தேன். என்ன ஆயிற்று என்று யாரோ கேட்டார்கள். வாயைத் திறந்தேன், "கன்னுக்குட்டி குறுக்க வந்துச்சி" என்று வந்தது. யோசித்துச் சொன்னதில்லை. பொய் என்னைவிட வேகமாக ஓடி வந்து நின்றுகொண்டது. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அப்புறம் ரோட்டைப் பார்த்தீர்கள். 

அதற்கப்புறம் அந்தக் கன்றுக்குட்டி வளர்ந்துவிட்டது. முதலாளிக்கு அது பிடித்திருந்தது. போலீஸில் அதையே எழுதினார்கள். சிவப்புக் கன்று என்று ஒரு பிரயாணி தானாகவே சொன்னான், அவன் எதைப் பார்த்தானோ. பத்து நாளில் செங்கல்பட்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் விசாரணை. கன்றுக் கதை நின்றால் என் லைசென்ஸ் தப்பும். கன்று போனால் லைசென்ஸும் வேலையும் போகும், ஜெயிலுக்குக்கூட அனுப்பலாம் என்றார்கள். வீட்டில் மனைவியும் இரண்டு பெண்களும். கன்றை விட்டுவிடாதீர்கள் என்று மனைவி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில், நீங்கள் செங்கல்பட்டுக்கு வந்து எங்கள் தெருவில் என் வீட்டை விசாரித்துக்கொண்டு நின்றீர்கள். தோளில் இந்தக் கயிறு. காசு கேட்க வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அப்படித்தான் நினைத்தேன்.

உள்ளே வரவில்லை நீங்கள். கயிற்றின் ஒரு முனையை எங்கள் வீட்டெதிர் விளக்குக் கம்பத்தில் கட்டி, தெருவோடு நீளமாக இழுத்துக்கொண்டே போனீர்கள். கம்பம்தான் நேர் ரோட்டின் கடைசி மைல்கல் என்று வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். கடைசியில் கயிற்றைத் தரையில் விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். கயிற்றில் நாலு முடிச்சு. ஒவ்வொன்றிலும் ஒரு துணித்துண்டு. சாக்குத்துண்டு லாரிக்கு, மஞ்சள் துணி கல்யாண டாக்ஸிக்கு, நீலத் துணி அந்த இன்னொரு பஸ்ஸுக்கு. நாலாவதில் இருந்தது என் காக்கிச் சட்டையின் கிழிசல். வயலில் பொறுக்கியிருக்கிறீர்கள். ஒவ்வொரு வண்டியும் விழுந்த அன்றைக்கே, மழை வந்து தடத்தை அழிப்பதற்குள், மைல்கல்லிலிருந்து கயிறு பிடித்து, சக்கரம் தாரை விட்டு இறங்கிய இடத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். யாரும் உங்களைச் செய்யச் சொல்லவில்லை. உங்கள் ரோட்டில் ஒருவன் செத்தான், அது உங்களை உறுத்தியது, அவ்வளவுதான்.

நாலு முடிச்சும் ஒரு கை நீளத்துக்குள் இருந்தன.

நான் முனி என்றேன். எனக்கு வேறென்ன சொல்லத் தெரியும். நீங்கள் சிரிக்கவில்லை. "முனின்னா ராத்திரில தள்ளணும் இல்ல? நாலும் பட்டப்பகல்ல. நாலும் மேக்கால போற வண்டி. எதிர்ல வர்றது ஒண்ணுகூட வுழல. அந்த முனிக்கு மேக்கு கெயக்கு தெரியுமா?" என்றீர்கள். பிறகு முழங்காலிட்டு, தெருப்புழுதியில் விரலால் கோடு போட்டீர்கள். ரோடு வலப்பக்கம் வளைகிறது, சக்கரத்தின் தடம் நேராகவே போகிறது. முப்பது அடி நேராகப் போய் அப்புறம்தான் வெடுக்கென்று ஒடிகிறது. "கன்னுக்குட்டி குறுக்க வந்தா மொதல்ல ஒடிப்ப, இல்ல பிரேக்க மிதிப்ப. தார்ல தேச்ச கோடு இருக்கும். ஒண்ணும் இல்ல. ரோடு திரும்பிச்சி, வண்டி திரும்பல. ரோட்ட யாரும் பாக்கல" என்றீர்கள்.

 ஆஸ்பத்திரியில் லூர்தக்காவைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்றும் சொன்னீர்கள். கழுகைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அந்தப் பஸ்ஸில் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். "எல்லாரும் கழுகப் பாத்தாங்க, நான் தம்பி கையப் பாத்தேன்" என்றாளாம். அதை அவள் போலீஸிடம் சொல்லவில்லை. பிள்ளைக்குட்டிக்காரன் என்று விட்டுவிட்டாளாம்.

என் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. என்னை மாட்டிவிடப் போகிறீர்களா என்று கேட்டேன். அப்போது நீங்கள் சொன்னது இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "நான் சொன்னா நீ மாட்டுவே. நீ சொன்னா இன்னொருத்தன் பொயப்பான். எனக்கு அஞ்சாவது முடிச்சு வோணாம், டிரைவரே." கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். மனைவி கொண்டுவந்த மோரைக்கூடக் குடிக்கவில்லை.

அந்த இரண்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. உங்கள்மேல் பல்லைக் கடித்தேன். நேராக வந்து மிரட்டியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பேன். இப்படிக் கயிற்றைக் காட்டிவிட்டுப் போகிறவனை என்ன செய்வது?

விசாரணையில் உங்களைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கன்றுக்குட்டியைப் பார்த்தாயா என்று பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் போகும்போது வண்டி கவிழ்ந்து கிடந்தது, அதற்கு முன்னால் நடந்ததை டிரைவர் சொல்லுவார் என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றீர்கள். கையில் கயிறு. அதைப் பிரிக்கவில்லை. பிரித்திருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். முதலாளி என்னைப் பார்த்துத் தலையாட்டினார், கன்றைச் சொல் என்பதுபோல. நான் எழுந்தேன். கன்று எதுவும் வரவில்லை, மலையைப் பார்த்துக் கையெடுத்தேன், ரோட்டைப் பார்க்கவில்லை என்று சொன்னேன்.  எல்லா டிரைவரும் அங்கேதான் கையெடுக்கிறோம், அந்தப் புதரை ஏதாவது செய்யுங்கள் என்றும் சொன்னேன். அதுவரைக்கும் புதரைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது, எப்படி வாயில் வந்ததோ. நீங்கள் மட்டும் லேசாகத் தலையை நிமிர்த்தினீர்கள்.

வெளியே வந்தால் என் கூட்டாளி டிரைவர்களே அடிக்க வந்தார்கள். சாமி கும்பிட்டதால் வண்டி கவிழ்ந்தது என்கிறாயா, நாக்கு அழுகிப்போகும் என்றார்கள். நீங்கள் குறுக்கே வந்து நின்றீர்கள். மாதாமாதம் மலையேறுகிற ஆள் நீங்கள். "சாமி மேல யாரும் பயி போடல. எடத்து மேலதான் போடறோம். கும்புடறத நிறுத்த முடியாது, எங்க கும்புடறதுன்னு மாத்தலாம்" என்றீர்கள். அவர்கள் துப்பிவிட்டுப் போனார்கள்.

ஆறு மாதம் லைசென்ஸைப் பிடுங்கி வைத்தார்கள். அதே நாளில் முதலாளி கணக்கை முடித்து அனுப்பினார். ஜெயில் மட்டும் இல்லை. உண்மையைச் சொன்னதால் விட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். மறுவாரம் நீங்கள் ஆள் அனுப்பினீர்கள், கேங்கில் ஒரு ஆள் குறைகிறது, வருகிறாயா என்று. ஸ்டீயரிங் பிடித்த கையால் மண் சட்டி தூக்குவதா என்று மனைவிதான் வருத்தப்பட்டாள். நான் வந்தேன். அடுப்பு எரிய வேண்டுமே.

முதல் நாள் எனக்கு மண்வெட்டி கொடுக்கவில்லை நீங்கள். வளைவில், தாழம்புதர் நிழலில் உட்கார வைத்து, வருகிற டிரைவர்களின் கையை மட்டும் பார் என்றீர்கள். பார்த்தேன். லாரி வந்தது, கை மேலே போனது. கார் வந்தது, இரண்டு கையும் மேலே போனது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் பதினோரு மணி பஸ், என் பஸ், என் சீட்டில் புது டிரைவர். ஜனமெல்லாம் இடப்பக்கம் சாய, அவன் சிரித்த முகத்தோடு கன்னத்தில் போட்டுக்கொள்ள, இடது சக்கரம் தார் விளிம்புக்கு ஒரு சாண் வரைக்கும் வந்து, மயிரிழையில் திரும்பிப் போனது. அவனுக்குத் தெரியவே தெரியாது.  இவ்வளவு வருஷம் நானும் இப்படித்தானே போயிருக்கிறேன் என்று உங்களிடம் சொன்னேன். "தெனமும் பாத்துகினுதான் கீறேன்" என்றீர்கள். அந்த வாய் சும்மா இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

வேலை இரண்டு. ஒன்று, ரோட்டின் ஓரம். தார் விளிம்பு மண்ணைவிட அரைச் சாண் உயரமாக நின்றது. மழையில் மண் கரைந்து கரைந்து அப்படி ஆகியிருந்தது. அந்தப் படிதான் என்னைக் கவிழ்த்தது என்று காட்டினீர்கள். சக்கரம் கீழே இறங்கினதும் பதறி ஒடித்தால் டயர் அந்தப் படியில் முட்டி மாட்டிக்கொள்ளும், வண்டி தன் காலில் தானே தடுக்கி விழும். விளிம்போடு விளிம்பாக மண் நிரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்தோம். இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று கையில் ஒரு சட்டியைச் சக்கரமாகப் பிடித்துக்கொண்டு நடந்து காட்டினீர்கள். "எறங்கிட்டியா, எறங்கியே போ. பிரேக்க ஒதைக்காத, ஒடிக்காத. வேகம் தானா கொறையட்டும். அப்பறமா மெதுவா ஏறு." வண்டி ஓட்டத் தெரியாத மனுஷன். சைக்கிள்கூட ஓட்டினதில்லை. தடத்தைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டீர்கள்.

நான் குனிந்து மண் கொட்டும்போது என் சேக்காளி டிரைவர்கள் ஹாரனை விடாமல் அடித்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போவார்கள். நான் உங்களுக்குச் செய்ததை அப்படியே எனக்குச் செய்தார்கள். ஒருநாள் கல்லை எடுத்தேன் அடிக்க. கையைப் பிடித்து, கல்லை வாங்கி, ஜல்லிக் குவியலில் போட்டீர்கள். நல்ல கல், வேலைக்கு ஆகும் என்றீர்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது, தாழம்புதர். ஓவர்சியர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. புதர் ரோட்டை விட்டு வெளியே இருக்கிறது, உனக்கென்ன வேலை என்றார். அவரை வளைவுக்கு அழைத்துவந்து கயிற்றைப் பிடித்து நாலு முடிச்சையும் காட்டினீர்கள். புறம்போக்குதானே, வெட்டிக்கொள் என்று போய்விட்டார். எட்டு நாள் வெட்டினோம். முள் குத்தாத இடம் எங்கள் உடம்பில் இல்லை. இரண்டு கண்ணாடிவிரியன் வந்தது. எட்டாம் நாள் மத்தியானம் கடைசித் தூறு சாய்ந்தபோது, நீங்கள் என்னை இருநூறு கெஜம் பின்னால், நேர் ரோட்டில் நடத்திக்கொண்டு போனீர்கள். அங்கிருந்தே மலை தெரிந்தது. கோயில் தெரிந்தது. நான் சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டேன். நீங்களும் கும்பிட்டீர்கள். அந்த இடத்தில் ரோட்டை விட்டு நன்றாகத் தள்ளி ஒரு கல்லை நட்டுச் சுண்ணாம்பு அடித்தோம்.

மறுநாள் பதினோரு மணி பஸ் வந்தது. கல் கிட்டே வந்ததுமே சத்தம், "அதோ, அதோ". டிரைவர் கை மேலே போனது, இறங்கியது. வளைவுக்கு வந்தபோது இரண்டு கையும் சக்கரத்தில் இருந்தது. ரோடு திரும்பியது, வண்டியும் திரும்பியது. அவனுக்கு எதுவும் தெரியாது. யாரும் அவனுக்கு எதுவும் சொல்லவில்லை.  உங்கள் காலில் விழலாமா என்றுகூட இருந்தது. நீங்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வா, நாஸ்தா துன்னலாம்" என்றீர்கள்.

லைசென்ஸ் திரும்ப வந்தது, வேறு முதலாளியிடம் வேலையும் கிடைத்தது, அதே ரோடு. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றைச் சொல்லவே இவ்வளவு தூரம் எழுதினேன்.

நீங்கள் படுக்கையில் விழுவதற்கு முன் வந்த ஐப்பசி மழையில், திருப்போரூர் பக்கம் ஸ்பெஷல் டிரிப் போனேன். கந்தசஷ்டிக் கூட்டம், உட்கார இடமில்லை. லூர்தக்காவும் இருந்தாள், என் பின்னால், கூடையை இடுப்பில் அணைத்துக்கொண்டு. கை கோணலாகத்தான் சேர்ந்தது, தலையில் கூடை தூக்க அவளால் இனி முடியாது. ஆனாலும் என் பஸ்ஸில்தான் ஏறுவாள். எதிரே ஒரு லாரிக்காரன் நடு ரோட்டில் வந்தான். ஒதுங்கினேன், இடது சக்கரம் மண்ணில் இறங்கியது. அது உங்கள் ரோடு இல்லை, விளிம்பு அங்கே அரைச் சாண் நின்றது. வண்டி சாய்ந்தது. பின்னால் எல்லாரும் அலறினார்கள். என் கை இரண்டும் வலப்பக்கம் ஒடிக்கத் துடித்தது, அண்ணாத்த. சத்தியமாகச் சொல்கிறேன், துடித்தது. ஒடிக்கவில்லை. சட்டியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நடந்தது கண்முன்னால் வந்தது. இறங்கியே போனேன். ஆக்சிலேட்டரை விட்டேன், நேராகப் பிடித்தேன், புளியமரம் ஒன்று பக்கத்தில் உரசிப் போயிற்று, அப்புறம் மெதுவாக ஏறினேன். வண்டியை நிறுத்தினேன். லூர்தக்கா பின்னாலிருந்து கோணல் கையால் என் தோளைத் தொட்டு, "இப்பதான் தம்பி ஒன் கை சொன்ன பேச்சு கேக்குது" என்றாள்.

அதை உங்களிடம் வந்து சொல்ல வேண்டுமென்று இருந்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். டிரிப், மழை, வீட்டு வேலை. எல்லாம் நொண்டிச் சாக்கு. இன்று எழுதிவிட்டேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு இப்போதே ரோட்டைச் செப்பனிடுகிறார்கள். புது மேஸ்திரி கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார். டிரைவர்கள் அதற்குக் கும்பிடு கல் என்று பேர் வைத்துவிட்டார்கள். என்னைப் பார்த்துத் துப்பிவிட்டுப் போனவர்கள்தான். ஏதோ பழைய காலத்து வழக்கம் என்று புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அங்கேதான் கும்பிட வேண்டுமாம். நான் திருத்தவில்லை.

இன்றும் கல் வந்ததும் ஜனம் எழுந்தது, இடப்பக்கம் சாய்ந்தது, "அதோ" என்றது. கண்ணாடியில் பார்த்தேன். லூர்தக்கா மட்டும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷமாக அப்படித்தான் பார்க்கிறாள். மலையை நான் திருக்கழுக்குன்றம் ஸ்டாண்டுக்குப் போய், வண்டியை நிறுத்தி, இறங்கிக் கும்பிட்டுக்கொள்கிறேன். கையிரண்டும் சக்கரத்தில் இருந்தது. வளைவில் திரும்பினேன்.

மத்தியானம் ஸ்டாண்டில் கயிற்றை வெளியே எடுத்து நிழலில் பிரித்துப் போட்டேன். டாப்பில் மூட்டை கட்டக் கொடுங்கள் என்று கண்டக்டர் கேட்டான், முடியாது என்றேன். சாக்கு, மஞ்சள், நீலம், என் காக்கி. காக்கி வெளுத்துவிட்டது. அதற்கு அப்புறம் இருக்கிற கயிறெல்லாம் சும்மாதான் இருக்கிறது, அண்ணாத்த. அஞ்சாவது முடிச்சு இன்னும் போடவில்லை.